தாங்குதிறன்: ஒரு சூழலியற் கலைச்சொல்லின் வரலாறு

1. முன்னுரை

ஒரு துறையின் கலைச்சொற்கள் அத்துறைக்குக் கருவிகளாதலோடு அதன் வரலாற்றுக்குச் சான்றுகளும் ஆகின்றன. ஒரு சொல் எத்தொழிலில் தோன்றியது, எவர் கைவழியாக வந்தது, வந்த வழியில் எதனை இழந்தது, எதனைப் பெற்றது என்று ஆராயின் அத்துறையினர் எண்ணிய முறை புலனாகும். சொற்பொருள் மாற்றத்தை ஆராயும் நாம் பெரும்பாலும் இலக்கியச் சொற்களையே எடுத்துக்கொள்கின்றோம். அறிவியற் சொற்கள் வரையறை பெற்றவை. ஆதலின் அவை மாறா என்னும் எண்ணமே இதற்குக் காரணம் எனலாம். அவ்வெண்ணம் முற்றும் பொருந்துவதன்று. சூழலியலில் இன்று பெருவழக்காக உள்ள சொற்கள் சில, ஒரு நூற்றாண்டிற்குள் பொருள் விரிந்தும் சுருங்கியும் திரிந்தும் வந்துள்ளன.

அவற்றுள் தலையாயது ‘தாங்குதிறன்’ என்று தமிழில் வழங்கும் சொல்லாகும். ஒரு நிலம் இத்துணை உயிர்களைத் தாங்கும் என்று கூறுதற்கு இச்சொல் பயன்படுகின்றது. சமன்பாடுகளில் ஒரு குறியாகவும், சட்ட வழக்குகளில் ஓர் அளவுகோலாகவும் இது நிற்கின்றது. இச்சொல் தொடக்கத்தில் சில நிபந்தனைகளோடு வழங்கியது. சமன்பாட்டினுள் புகுந்தபோது அந்நிபந்தனைகள் உதிர்ந்தன. உதிர்ந்தமையால் நேர்ந்த மயக்கம் இன்றும் தொடர்கின்றது என்பதை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒப்பிட்டுக் காண்பதற்காக, வேறு இரு சொற்களின் வரலாறு முதற்கண் சுருக்கமாகக் கூறப்படும்.

2. வரையறையோடு பிறந்த சொல்

செருமானிய அறிஞர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் 1866ஆம் ஆண்டில் வெளியிட்ட உயிரின வடிவவியல் பற்றிய நூலில் ‘ஓய்க்கோலோகி’ என்னும் சொல்லை ஆக்கினார். வீடு எனப் பொருள்படும் ‘ஓய்க்கோஸ்’ என்னும் கிரேக்கச் சொல் அதன் முதனிலை. பொருளியலைக் குறிக்கும் ‘எக்கனாமி’ என்பதற்கும் அதுவே முதனிலையாகும். ஓர் உயிர்க்கும் அதனைச் சூழ்ந்த புறவுலகிற்கும் உள்ள தொடர்புகளை ஆராயும் கல்வி என்பதே ஹெக்கல் கருதிய பொருள். தமிழில் ‘சூழலியல்’ என்றும் ‘சூழ்நிலையியல்’ என்றும் வழங்குகின்றோம். கிரேக்கச் சொல் உறைவிடத்தை நோக்க, தமிழ்ச்சொல் உறைவோனைச் சூழ்ந்திருப்பதை நோக்குகின்றது. வேறுபாடு சிறிதாயினும் கருதத்தக்கது.

இத்துறை வளர்ந்தபின் எழுந்த பெரும்பூசல் ஒன்று ஈண்டு நோக்கத்தக்கது. அமெரிக்கரான பிரெடரிக் கிளெமெண்ட்ஸ் 1916இல் வெளியிட்ட தாவர வழிமுறை வளர்ச்சி பற்றிய நூலில், ஒரு நிலத்தின் தாவரக் கூட்டம் முழுவதும் ஓர் உயிரி போன்றது. அது பிறந்து, வளர்ந்து, முதிர்நிலை எய்தும் என்றார். ஹென்றி கிளீசன் 1926இல் இதனை மறுத்தார். தாவரங்கள் தத்தம் தேவைக்கேற்பத் தனித்தனியே பரவுகின்றன. கூட்டம் என்பது அவ்வாறு பரவியவை ஓரிடத்து ஒன்றியதேயன்றிப் பிறிதில்லை என்பது அவர் கொள்கை. தென்னாப்பிரிக்க அறிஞர் ஜான் பிலிப்ஸ் 1934, 1935ஆம் ஆண்டுகளில் கிளெமெண்ட்ஸின் கொள்கையை மேலும் விரித்தெழுதினார்.

இப்பூசலின் நடுவே, இங்கிலாந்தைச் சேர்ந்த ஆர்தர் டான்ஸ்லி 1935இல் ‘எக்கோசிஸ்டம்’ என்னும் சொல்லை அச்சேற்றினார். தாவரவியல் துறையில் சொற்களை ஆளவேண்டிய முறையும் ஆளத்தகாத முறையும் பற்றியதே அக்கட்டுரை என்பது குறிப்பிடத்தக்கது. சொல்லாராய்ச்சியின் விளைவாகவே அச்சொல் பிறந்தது. இச்சொல்லை அவருக்கு எடுத்துரைத்தவர் ஆர்தர் ராய் கிளாப்பம் என்னும் இளைய தாவரவியலார் என்பர். உயிர்களையும், அவற்றோடு பிரிவின்றி இயங்கும் மண், நீர், காற்று, வெப்பம் ஆகியவற்றையும் ஒருங்கே கொண்ட இயக்கத் தொகையை இச்சொல் குறித்தது. அதனை ஓர் உயிரி எனக் கூறுவதை டான்ஸ்லி ஒப்பவில்லை. இயற்கையில் இத்தொகைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன என்றும், ஆய்வின்பொருட்டே அவற்றை நாம் மனத்தால் பிரித்துக்கொள்கின்றோம் என்றும் அவர் தெளிவுறுத்தினார்.

சொல்லை ஆக்கியவரே அதன் எல்லையையும் கூறிவைத்தமையால், பின்வந்தோர் அதனை அளவைக்கு உட்படுத்துதல் எளிதாயிற்று. அமெரிக்க இளைஞர் ரேமண்ட் லிண்டெமன் மின்னசோட்டா நாட்டுப்புறத்துச் சிற்றேரி ஒன்றை ஆராய்ந்து, ஓர் உணவுப்படியிலிருந்து அடுத்ததற்கு ஆற்றல் எவ்வாறு செல்கின்றது என 1942இல் எழுதினார். கட்டுரை அச்சில் வருமுன்னரே, 27 அகவை நிறையாத நிலையில் அவர் மறைந்தார். சூழலை ஆற்றல் ஓட்டமாகக் கணக்கிடும் முறைக்கு அக்கட்டுரை அடிப்படையாயிற்று.

இச்சொல்லைத் தமிழகத்தார் ‘சூழல் மண்டலம்’ என்றும், ஈழத்தார் ‘சூழற்றொகுதி’ என்றும் பெயர்த்தனர். ‘மண்டலம்’ என்றவுடன் நிலப்பகுதி நினைவிற்கு வரும். எனினும் ‘நரம்பு மண்டலம்’ என்னும் வழக்கு அதற்கு இயக்கத் தொகை என்னும் பொருளையும் தந்துள்ளது. ‘தொகுதி’ டான்ஸ்லியின் கருத்திற்கு அணித்தாயினும் தமிழகத்தில் தேர்தல் வழக்கோடு கலந்து நிற்கின்றது.

சங்க இலக்கியத்துத் ‘திணை’யே இச்சொல்லுக்கு நேர் என்று கூறுவாரும் உளர். நிலமும் பொழுதும் முதற்பொருளாக, விலங்கும் மரமும் பறவையும் தொழிலும் கருப்பொருளாக ஒருங்கு வைத்தெண்ணப்படுதலின் அவ்வொப்புமை தோன்றுகின்றது. ஆயினும் கருப்பொருளில் தெய்வமும் பறையும் யாழும் அடங்கும். அனைத்தும் உரிப்பொருளாகிய மனித உணர்வு சிறத்தற்கே அமைந்தன. திணை ஒரு செய்யுள் நெறி. மற்றையது அளவைக்கு உட்படும் இயக்கத் தொகை. இரண்டையும் ஒன்றெனக் கொள்ளின் இரண்டின் சிறப்பும் மறையும்.

3. மீண்டும் வரையறுக்கப்பட்ட சொல்

இரண்டாவது சொல் ‘நிஷ்’ என்பதாகும். பிரெஞ்சு மொழியில் சிலையை வைத்தற்குச் சுவரில் அமைக்கும் குழிவை இது குறிக்கும். நம் இல்லங்களில் விளக்கு வைக்கும் மாடத்தை ஒத்தது அது. கலிபோர்னியாவில் வாழும் பறவையொன்றைப் பற்றி 1917இல் எழுதிய ஜோசப் கிரின்னல், அப்பறவைக்கு ஏற்ற புதரும் நிழலும் வெப்பமும் அமைந்த இடத்தை இச்சொல்லால் குறித்தார். பத்தாண்டு கழித்து, 1927இல், சார்லஸ் எல்ட்டன் அதனையே ஓர் உயிர் தன் கூட்டத்தில் ஆற்றும் பணிக்குப் பெயராக்கினார். எதனை உண்கின்றது, எதனால் உண்ணப்படுகின்றது என்பனவே அவருக்கு முதன்மையாயின. மாடத்தின் இடம் என்னும் பொருள் கிரின்னலிடம் நின்றது. அதில் வைக்கப்பட்டது ஆற்றும் தொழில் என்னும் பொருள் எல்ட்டனிடம் சிறந்தது.

ஒரு சொல் இருபொருட்பட நின்றமையால் எழுந்த குழப்பத்தை ஹட்சின்சன் 1957இல் தீர்க்க முயன்றார். வெப்பம், ஈரம், உணவின் அளவு முதலிய ஒவ்வொரு காரணத்தையும் ஓர் அச்சாகக் கொண்டு, ஓர் இனம் வாழக்கூடிய எல்லைகளை அவ்வச்சுகளில் குறித்தால், பல பரிமாணமுடைய ஒரு வெளி கிடைக்கும். அதுவே ‘நிஷ்’ என்றார். பகையும் போட்டியும் இல்லாவிடத்து ஓர் இனம் வாழக்கூடிய வெளி வேறு. அவை உள்ளவிடத்து அது உண்மையில் வாழும் வெளி வேறு என்றும் பகுத்தார். இவ்வாறு சுவர்மாடம் கணக்கியலின் வெளியாயிற்று. ஈண்டுப் பொருள் மாறியது உண்மை. ஆனால் மாற்றம் அறிந்து செய்யப்பட்டது, எழுதியும் வைக்கப்பட்டது.

4. தொழில்வழி வந்த சொல்

மேற்கூறிய இரண்டிற்கும் மாறானது தாங்குதிறனின் வரலாறு. இதனை ஆக்கியவர் இன்னார் எனக் கூறுதற்கில்லை. இதன் ஆங்கில மூலம் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கப்பல் வணிகத்தில் வழங்கியது. ஒரு கப்பல் எத்துணைச் சரக்கு ஏற்றும் என்பதே அதன் பொருள். ‘சுமத்தல்’ என்னும் வினையடியாகப் பிறந்த அச்சொல், கப்பலுக்கு முற்றும் பொருத்தமாயிருந்தது. கப்பல் மனிதனால் அளவிட்டுக் கட்டப்பட்டது; அதன் கொள்ளளவு கட்டும்போதே முடிவாகின்றது; ஏற்றிய சரக்கு அக்கொள்ளளவைக் கூட்டுவதோ குறைப்பதோ இல்லை. இம்மூன்று இயல்புகளையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் இச்சொல் மேய்ச்சல் நிலத்திற்கு ஏற்றப்பட்டது. இத்துணைப் பரப்புள்ள நிலம் இத்துணை ஆடுமாடுகளைப் புரக்கும் என்று கணிப்பது நில உடைமையாளர்க்கும் அரசினர்க்கும் தேவையாயிற்று. அப்போது சொல்லின் பொருள் நுட்பமாக மாறியது. கப்பல் சரக்கைச் சுமப்பது; நிலமோ கால்நடைகளை ஊட்டுவது. சரக்கு கப்பலைத் தின்பதில்லை. ஆடு நிலத்தின் புல்லைத் தின்கின்றது.

இவ்வேறுபாட்டை மேய்ச்சல் நில ஆய்வாளர் அறிந்தே இருந்தனர். ஹாட்வென், பால்மர் என்னும் இருவர் அலாஸ்காவின் கலைமான் வளர்ப்பைப் பற்றி 1922இல் அமெரிக்க வேளாண்துறை வாயிலாக ஓர் அறிக்கை வெளியிட்டனர். ஒரு குறித்த மேய்ச்சற் காலத்திற்கு, நிலத்திற்குக் கேடு நேராவண்ணம், அந்நிலம் புரக்கவல்ல கால்நடைகளின் தொகை என்பது அவர்கள் தாங்குதிறனுக்குத் தந்த விளக்கத்தின் கருத்து. இதன்கண் இரு நிபந்தனைகள் உள்ளன: ஒன்று காலம், மற்றொன்று கேடின்மை. ஆல்டோ லியோபோல்டு 1933இல் காட்டு விலங்கு மேலாண்மை பற்றி எழுதிய நூலில் இச்சொல்லை வேட்டை விலங்குகளுக்கும் விரித்தார். அங்கும் அது குறித்த ஓர் இடத்தின் இயல்பாகவே பேசப்பட்டது. இடந்தோறும் வேறுபடுவதாகவே கொள்ளப்பட்டது.

5. சமன்பாட்டினுள் புகுந்த சொல்

இதனோடு தொடர்பின்றி, வேறொரு வழியில் ஒரு சமன்பாடு வளர்ந்து வந்தது. மக்கட்பெருக்கம் உணவுப் பெருக்கத்தை விஞ்சும் என்று மால்தஸ் 1798இல் எழுதினார். அக்கருத்திற்குக் கணக்கியல் வடிவம் தந்தவர் பெல்ஜிய நாட்டு வெர்ஹுல்ஸ்ட். 1838இல் அவர் வெளியிட்ட சமன்பாட்டின்படி, ஓர் உயிர்த்தொகை முதலில் மெல்லப் பெருகும், பின்னர் விரையும், ஓர் உச்ச எல்லையை அணுகுந்தோறும் வேகங் குன்றி, அவ்வெல்லைக்கண் நிற்கும். வரைந்து காட்டின் ‘எஸ்’ என்னும் ஆங்கில எழுத்தை இழுத்து நீட்டினாற்போன்ற வளைகோடு தோன்றும். அதற்கு ‘லாஜிஸ்டிக்’ என்னும் பெயரை 1845இல் அவரே இட்டார். பின்னர் அது நெடுங்காலம் மறக்கப்பட்டுக் கிடந்தது.

ரேமண்ட் பேர்ல், லோவல் ரீட் என்னும் அமெரிக்கர் இருவர் 1920இல் அதே வளைகோட்டைத் தாமாகக் கண்டனர். 1790 முதல் 1910 வரையிலான அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளோடு அது நன்கு பொருந்தியது. அப்பொருத்தத்தைக் கொண்டு, அந்நாட்டு மக்கள்தொகையின் உச்ச எல்லை ஏறத்தாழ 19.7 கோடி என அவர்கள் கணித்தனர். 1970ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தொகை 20.3 கோடியாயிற்று, 2020இல் 33 கோடியைக் கடந்தது. கடந்தகால எண்களோடு ஒரு வளைகோடு பொருந்துதல் வேறு. அவ்வளைகோட்டின் உச்சம் இயற்கையின் எல்லையாதல் வேறு என்பது இதனாற் பெறப்படும்.

இவ்விரு வழிகளும் ஒன்றுகூடிய இடம் யூஜீன் ஓடம் 1953இல் வெளியிட்ட சூழலியற் பாடநூலாகும். வளைகோட்டின் உச்ச எல்லையையே தாங்குதிறன் என்னும் பெயரால் அந்நூல் குறித்தது. பல பதிப்புகள் கண்டு பல தலைமுறை மாணவர்க்குப் பாடமான நூல் அது. ‘கே’ என்னும் எழுத்தால் குறிக்கப்படும் அவ்வெல்லைக்குத் தாங்குதிறன் என்பதே இன்று பாடநூற் பெயராகும்.

இவ்விணைப்பினால் நேர்ந்தது யாது? ஹாட்வெனும் பால்மரும் கூறிய காலமும் கேடின்மையும் சமன்பாட்டில் இல்லை. ‘கே’ என்பது மாறிலி. உயிர்த்தொகை ஏறினும் இறங்கினும் அது அசையாது. ஆகவே, மேய்ச்சல் நிலத்திற்கு வந்தபோது சொல் கைவிட்ட கப்பலின் இயல்பு, சமன்பாட்டினுள் புகுந்தபோது மீண்டும் வந்து சேர்ந்தது. எல்லை முன்னரே அளவிடப்பட்டது. ஏற்றப்படுவதனால் அது மாறாது என்னும் எண்ணம் குறியினுள் மறைந்து நின்றது. ‘நிஷ்’ என்பதன் பொருளை ஹட்சின்சன் அறிந்து மாற்றினார். தாங்குதிறனின் பொருளோ பெயரிடும் செயலால் தானே மாறிப்போயிற்று.

6. மயக்கத்தின் விளைவு

இது சொல்லாராய்ச்சியாளர்க்கு மட்டும் உரிய நுட்பம் அன்று என்பதற்குப் பெரிங் கடலிலுள்ள புனித மத்தேயு தீவின் நிகழ்ச்சி சான்றாகும். 1944இல் அமெரிக்கக் கடலோரக் காவற்படையினர் அத்தீவில் 29 கலைமான்களை விட்டனர். அவற்றைக் கொல்லும் விலங்கு அங்கு இல்லை. பாறையிலும் நிலத்திலும் படரும் கற்பாசி மிகுந்திருந்தது. உயிரியலார் டேவிட் கிளைன் 1957இல் எண்ணியபோது 1,350 மான்கள் இருந்தன. 1963இல் அவை 6,000 ஆயின. 1966இல் எஞ்சியவை 42. நெடுங்காலம் மெல்ல வளர்ந்த கற்பாசியை மான்கள் தின்று அழித்திருந்தன. 1963–64ஆம் ஆண்டின் கடும்பனிக்காலம் எஞ்சியதை முடித்தது. பின்னர் அக்கூட்டம் முற்றும் அற்றது.

சமன்பாட்டின்படி தொகை எல்லையை அணுகி நின்றிருத்தல் வேண்டும். நில்லாமைக்குக் காரணம், மான்கள் எல்லையையே தின்றுவிட்டமையாகும். தாங்கும் பொருள் தாங்கப்படுவதனால் தேயும் என்னும் உண்மை, ‘கேடு நேராவண்ணம்’ என்னும் பழைய அடைமொழியில் இருந்தது, மாறிலியில் இல்லை. கலைமானைப் பற்றிய அறிக்கையிலேயே அவ்வடைமொழி இருந்தது என்பது நினைக்கத்தக்கது.

மீன்வளத் துறையிலும் இதன் விளைவைக் காணலாம். அவ்வளைகோட்டின்படி, உயிர்த்தொகை உச்ச எல்லையிற் பாதியாக உள்ளபோதே பெருக்கம் மிக விரைவாக நிகழும். ஆகவே மீன்தொகையைப் பாதியளவில் நிறுத்தி, ஆண்டுதோறும் பெருகுவதை மட்டும் பிடித்துக்கொள்ளலாம் என்னும் கொள்கை எழுந்தது. மில்னர் ஷேபர் 1954இல் இதற்குக் கணக்கு முறை வகுத்தார். ‘நீடித்த பெரும விளைச்சல்’ என்பது அதன் பெயர். கடல்நீர் வெப்பமும் இரையும் ஆண்டுதோறும் மாறுவதால் எல்லையும் மாறும்; கலந்து வாழும் பல இனங்களுக்கு ஒரே காலத்தில் இவ்வளவையைப் பொருத்தவும் இயலாது. இத்தகைய குறைகளைத் தொகுத்துரைத்த பீட்டர் லார்க்கின், 1977இல் அக்கோட்பாட்டிற்குக் கல்லறை வாசகம் எழுதுவதாகவே தம் கட்டுரைக்குத் தலைப்பிட்டார். எனினும் 1982ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடற்சட்ட உடன்படிக்கை, சூழல், பொருளியற் காரணங்களுக்கு உட்பட்டது என்னும் அடையோடு, அத்தொடரையே அளவுகோலாக ஏற்றது. அறிஞர் இரங்கற்பா பாடிய சொல் சட்டத்தில் வாழ்வு பெற்றது.

உலகம் முழுவதற்கும் இச்சொல்லை ஏற்றியோர் இன்னும் இடர்ப்பட்டனர். புவி எத்துணை மக்களைத் தாங்கும் என்பது பற்றிப் பல காலத்தில் பலர் கூறிய மதிப்பீடுகளை ஜோயல் கோஹன் 1995இல் தொகுத்தார். அவை 100 கோடிக்குக் குறைவு முதல் 1,00,000 கோடிக்கு மேல் வரை வேறுபட்டன. எத்தகைய வாழ்க்கை, எத்தகைய உணவு, எத்துணைக் காலம் என்பன முடிவாகாதவரை எண் முடிவாகாது என்பதே இவ்வேறுபாடு உணர்த்துவதாகும்.

7. தமிழில் இச்சொல்

இனித் தமிழ் வழக்கை நோக்குவோம். ‘கொள்’ என்னும் வினை பாண்டத்திற்கு உரியது. ‘தாங்கு’ என்னும் வினை தூணுக்கும் தோளுக்கும் உரியது. பாண்டம் நிறைந்தால் வழியும், பாண்டத்திற்குக் கேடில்லை. தூண் மிகைப்பாரத்தால் நெளியும், விரிசல் காணும், முறியும். ஆதலின் ‘கொள்திறன்’ என்பதினும் ‘தாங்குதிறன்’ என்பதே ஏற்புடைத்து. கப்பலைச் சுட்டிப் பிறந்த ஆங்கிலச் சொல் மறைத்ததை, தமிழ் வினை தன் இயல்பாலேயே காட்டுகின்றது.

‘மாதிரி’ என்னும் சொல்லிலும் கருத்து வேண்டும். ஏரியிலிருந்து ஆய்விற்கு எடுத்த நீரும் ‘மாதிரி’ எனப்படுகின்றது. அவ்வேரியின் இயக்கத்தைக் காட்டும் சமன்பாட்டுத் தொகுதியும் ‘மாதிரி’ எனப்படுகின்றது. முன்னது பொருளின் ஒரு கூறு. பின்னது பொருளைப் பற்றி நாம் வகுத்த கருத்து. பின்னதை ‘மாதிரியுரு’ என வேறுபடுத்தல் நன்று. இல்லையேல், சமன்பாட்டின் உச்ச எல்லையை நிலத்தின் இயல்பாகவே கொள்ளும் பிழை தமிழிலும் நேரும்.

இவ்வேறுபாட்டின் தேவை அண்மையில் புலனாயிற்று. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் ஊர்திகளுக்கு இ-பாஸ் முறையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 மே 7 முதல் நடைமுறைப்படுத்தச் செய்தது. அம்மலைகளின் தாங்குதிறனை ஆராயும் பணி சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தாரையும் பெங்களூரு இந்திய மேலாண்மைக் கழகத்தாரையும் சார்ந்தது. 2025ஆம் ஆண்டுக் கோடைக்கு, நாளொன்றுக்கு நீலகிரியில் வாரநாள்களில் 6,000, வார இறுதியில் 8,000 ஊர்திகள் என்றும், கொடைக்கானலில் முறையே 4,000, 6,000 என்றும் வரம்பு விதிக்கப்பட்டது. சாலை தாங்குவது ஒரு தொகை. குடிநீர் தாங்குவது மற்றொன்று. குப்பையை அகற்றும் வசதி தாங்குவது பிறிதொன்று. சோலைக்காடும் புல்வெளியும் தாங்குவது வேறொன்று. இவற்றை எடைபோட்டு மனிதர் முடிவு செய்யும் எண்ணே வரம்பு. அது மலையின் இயல்பு அன்று. எனவே ஆண்டுதோறும் ஆராய்ந்து மாற்றத்தக்கது. வார இறுதியில் மலை மிகுதியாகத் தாங்கும் என்பது ஒருவரும் கருதாததாகலின், எண் வேறுபாடே அது வரம்பு என்பதைக் காட்டும்.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று செய்திகள் பெறப்படும். வரையறையோடு பிறந்த சொல் அளவைக்கு எளிதில் இடந்தரும். பொருள் மாறினும், மாற்றம் அறிந்து செய்யப்படின் சொல் துணை புரியும். தொழில்வழி வந்த சொல் அறியாமல் மாறின், உதிர்ந்த நிபந்தனைகள் ஆய்விலும் சட்டத்திலும் இடர் விளைக்கும்.

ஆங்கிலம் ஒரு சொல்லால் குறிப்பதைத் தமிழில் மூன்றாகப் பகுத்து வழங்கலாம். கட்டிய பொருளின் மாறாத அளவு கொள்ளளவு. குறித்த காலத்தில், குறித்த பயனுக்கு, கேடு நேராவண்ணம் ஒரு நிலம் புரக்கவல்லது தாங்குதிறன். அதனை ஆராய்ந்து மனிதர் விதிப்பது வரம்பு. முதலாவது அளக்கப்படுவது, இரண்டாவது ஆராய்ந்து காணப்படுவது, மூன்றாவது பொறுப்பேற்று முடிவு செய்யப்படுவது. கலைச்சொல் ஆக்குவோரும் பாடநூல் எழுதுவோரும் இப்பகுப்பைக் கைக்கொள்ளின், அறிவியல் தமிழ் பெயர்ப்புத் தமிழாக நின்றுவிடாது, ஆராயும் தமிழாகவும் விளங்கும்.